ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை

பாளை_வாசகி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் ஓடுகிறது. வேலை போய்விட்டது, கடன் ஏறுகிறது, பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆலயத்திலேயே வளர்ந்தவள் நான், ஆனால் இப்போது ராத்திரி முழங்கால் போட்டால் "ஏன் ஆண்டவரே" என்பதைத் தவிர எதுவும் வாயில் வருவதில்லை. இது போதாதென்று வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், இங்கே அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கிறது, விசுவாசம் இருந்தால் இந்நேரம் சுகம் வந்திருக்கும் என்று இவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் இவர் வேதத்தைத் தொடவே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்?

நாசரேத்_டீச்சர்:
தங்கச்சி, அந்த ஆள் சொன்னதை முதலில் மனதிலிருந்து தூக்கிப் போடு. பிறவிக் குருடனைக் காட்டி "இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா" என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டுமில்லை என்றுதான் இயேசு சொன்னார், யோவான் 9இல் இருக்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயிலும் கிடந்த யோபுவிடம் "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்" என்று வாதாடிய நண்பர்கள் மேல்தான் கடைசியில் தேவனுக்குக் கோபம் வந்தது, அத்தனை கேள்வி கேட்ட யோபுவின் மேல் இல்லை.

"ஏன் ஆண்டவரே" என்பதும் ஜெபம்தான். என் அம்மா புற்றுநோயில் கிடந்தபோது கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வேதத்திலிருந்து 13ஆம் சங்கீதம் வாசிப்பேன். பேசவே தெம்பில்லாத அம்மா, "எதுவரைக்கும்" என்று வருகிற இடங்களில் மட்டும் என்னோடு சேர்ந்து சொல்வார். அம்மா பிழைக்கவில்லை. ஆனால் நடிக்காமல் ஆண்டவரிடம் பேசலாம் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. 88ஆம் சங்கீதத்தையும் எடுத்துப் பார், ஆறுதலான ஒரு முடிவுகூட இல்லாமல் அப்படியே நிற்கும், அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே!

களக்காட்டான்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கத்து டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவைத் தெரியாதவர்கள் இல்லை, அனாதரவான பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். 1931இல் களக்காட்டில் தவறி விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறைக்குள் வலியோடுதான் இருந்தார். அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது வாய் கூசாமல் சொல்வார்களா? படுக்கையில் இருந்தபடியே புத்தகங்களும் கடிதங்களும் எழுதினார். அப்போஸ்தலன் பவுலும் தன் மாம்சத்திலிருந்த முள்ளை, அதாவது தன்னை வாட்டிய வேதனையை, எடுக்கச் சொல்லி ஆண்டவரிடம் மூன்று தரம் வேண்டினார், முள் போகவில்லை, கிருபைதான் கிடைத்தது. அந்தக் கிருபை உங்கள் வீட்டுக்கும் உண்டு அக்கா, அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

டயாலிசிஸ்_டெக்னீஷியன்:
நான் ஒரு டயாலிசிஸ் யூனிட்டிலேயே வேலை பார்க்கிறவன், கொஞ்சம் நடைமுறையாகப் பேசுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு, அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள், இன்னும் சேரவில்லை என்றால் கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். அப்புறம் சபையில் உதவியை வாய் திறந்து கேளுங்கள். "ஜெபிக்கிறோம்" என்கிறவர்களிடம், செவ்வாய்க்கிழமை இவரோடு நாலு மணி நேரம் உட்கார முடியுமா என்று கேட்டுவிடுங்கள். எங்கள் யூனிட்டுக்கு ஒரு பெரியவரோடு அவர் சபைக்காரர்கள் முறை போட்டு வருவார்கள், பிரசங்கம் ஒன்றும் கிடையாது, கிரிக்கெட் பேசுவார்கள், ஊசி எடுத்ததும் அந்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பெரியவர் முகத்தில் இருக்கும் தெம்பே தனி. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்றால் எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பாளை_வாசகி:
எல்லாருக்கும் நன்றி. யோபுவின் கடைசி அதிகாரத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன், நண்பர்களைத் தேவன் கண்டிக்கிற இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆனால் துணைக்கு ஆள் கேட்கத்தான் கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காவிடம் கேட்கப் போகிறேன். பெரியவளுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு, அப்பாவுக்கு ஏன் சுகமாகவில்லை என்று தினமும் கேட்கிறாள், அவளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று யாராவது எழுதுங்களேன்.