சாப்பாடு பற்றிச் சொல்ல எந்தப் படத்தைக் காட்டுவது?

மலர், காசிமேடு:
எங்கள் மகளிர் குழுவில் 18 பேர். பாதிப் பேர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையில் மீன் விற்பவர்கள். 7 பேருக்குச் சுகர், 4 பேருக்கு பிரஷர். கூட்டத்தில் காட்டச் சொல்லி ஒரு வண்ணப் படம் கொடுத்தார்கள். ஆப்பிள், ப்ராக்கோலி, ரொட்டித் துண்டு. ஒரு அக்கா கிட்ட வந்து பார்த்துவிட்டு, "இதுல நம்ம சோறு எங்கம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சிலருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் கண்ணால் பார்த்தே புரிய வேண்டும். எதைக் காட்டலாம்?

செல்வி (நர்ஸ்), வியாசர்பாடி:
படத்தை மடித்து வையுங்கள் மலர். அவரவர் வீட்டுத் தட்டையும் மதியச் சாப்பாட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வழக்கம்போல் போட்டுக்கொள்ளட்டும். அப்புறம் தட்டின் குறுக்கே ஒரு நூலை வையுங்கள். ஒரு பாதி காய்க்கும் கீரைக்கும், மறு பாதியில் சோறும் மீனும். நான் செய்தபோது முக்கால் தட்டு சோறாகவே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பாட்டி தானே சோற்றை ஒதுக்கினார்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் தட்டுதான் இருக்கிறது. ஒரு நாளைக்குக் காய்கறி, கீரை 400 கிராம், பழம் 100 கிராம். கிராம் கணக்கு நம் பெண்கள் மனதில் நிற்காது, நூல் நிற்கும். காய் விலை அதிகம் என்பார்கள். முருங்கைக்கீரை, முள்ளங்கி, கொத்தவரங்காய் போதும். நெத்திலியும் காணாங்கத்தையும் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

ரவி (ஆசிரியர்), தண்டையார்பேட்டை:
கலர் பாட்டிலையும் காட்டுங்கள். லேபிளில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கும். 11 கிராம் என்றால் 250 மில்லி பாட்டிலில் 27.5 கிராம், அதாவது ஐந்தாறு டீஸ்பூன். அதை ஒவ்வொரு ஸ்பூனாகக் கண்ணாடி டம்ளரில் கொட்டுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் வாய்விட்டு எண்ணினார்கள்.

மேரி, ராயபுரம்:
உப்பையும் அப்படியே காட்டும்மா. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன்தான். அதைக் காகிதத்தில் வைத்து, பக்கத்தில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் வை. கருவாடே கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதே, எழுந்து போய்விடுவார்கள். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, குழம்பில் தனி உப்பைக் குறைக்கச் சொல். பிரஷர் இருப்பவர்கள் எப்போதாவது ஒரு துண்டு.

மலர்:
எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை கூட்டம். நூலுக்கு வலை பின்னும் நைலான் கயிறே வீட்டில் கிடக்கிறது. ஒரு சந்தேகம் செல்வி அக்கா, காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தட்டே கிடையாது, சொம்புதான். அதற்கு எப்படிக் காட்டுவது?

செல்வி:
சொம்பை விட்டுவிடுங்கள், தொட்டுக்கொள்வதைக் காட்டுங்கள். ஒரு பக்கம் ஊறுகாய், இன்னொரு பக்கம் சின்ன வெங்காயமும் ஒரு கிண்ணம் சுண்டலும்.