பப்பாசி இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு, மருந்தடிச்சும் போகுதில்ல

களுதாவளைத் தோட்டம்:
40 ரெட் லேடி இனப் பப்பாசி மரம், மணல் தரை, 7 மாசம். கச்சான் காற்று (காய்ஞ்ச வெக்கைக்காற்று) தொடங்கினதிலிருந்து இலைக்கடியிலும் காய்க்காம்பிலும் வெள்ளைப் பஞ்சு. காயில் கரி பூசினமாதிரிக் கறுப்பு. கிருமிநாசினி 2 தரம் அடிச்சாச்சு. உடுப்புத் தோய்க்கிற பவுடர் கரைச்சு அடிக்கலாமா?

மணற்சேனை:
பவுடர் வேண்டாம், குருத்து கருகிடும். இது வெண்மூட்டுப்பூச்சி. பஞ்சுக்குள்ள இருக்கிறது முட்டை. மேலே மெழுகு இருக்கிறதால மருந்து உள்ள இறங்காது. அதான் திரும்பி வருது. கறுப்பு, பூச்சி கழிக்கிற இனிப்பு நீரில் வளர்ற பூஞ்சணம். துடைச்சா போயிடும்.

முதல்ல மோசமான இலைகளை வெட்டி எரிங்க. மிச்சத்துக்கு இலையின் அடிப்பக்கம் பார்த்துக் குழாய்த் தண்ணியை வேகமா அடிங்க. பிறகு 16 லீற்றர் டாங்கிக்கு 80 கிராம் பார் சவர்க்காரத்தைச் சீவி வெந்நீரில் கரைச்சு, அதுக்குள்ள 80 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பால்மாதிரி வரும்வரை அடிச்சுக் கலக்குங்க. எண்ணெயை நேரே டாங்கியில ஊத்தினா மேலே மிதக்கும். கடைசி மரங்களுக்கு வெறும் எண்ணெய்தான் போகும், இலை வெந்திடும். வெயில் சாய்ஞ்ச பிறகு, 7 நாளுக்கு ஒருதரம், 3 தரம். முட்டை சாகாது, பொரிச்சு வர்ற குஞ்சைத்தான் பிடிக்கணும்.

அக்கரைப்பற்றுப் பச்சை:
எறும்பை விட்டுட்டீங்க! இனிப்புக்காக எறும்பு பூச்சியைக் காவல் காக்கும், எதிரிப் பூச்சியைக் கிட்ட அண்டவிடாது. அடிமரத்தில் பொலித்தீனை இறுக்கிச் சுத்தி, அதுக்கு மேல கிறீஸ் பூசுங்க. மரத்தோலில் நேரே பூசினா தோல் பழுதாகலாம். வேலியில் செவ்வரத்தை, பக்கத்தில் மரவள்ளி இருந்தா அதையும் பாருங்க. அங்கேயும் இதே பூச்சி இருக்கலாம்.

மணற்சேனை:
சரியான பேச்சு. இன்னொண்டு: பஞ்சுக்குள்ள பெரிசா, வெள்ளையா, தொட்டா விறுவிறுண்டு ஓடுற புழு தெரிஞ்சா கொல்லாதீங்க. அது பொறிவண்டின்ட குஞ்சு, பூச்சியைத் தின்னுது. வெண்மூட்டுப்பூச்சி உடல் தடிச்சுப் பழுப்பாகி வட்டத்துளையோட காய்ஞ்சு கிடந்தா, அது பூச்சிக்குள்ள முட்டை இடுற குளவியின்ட வேலை. மெக்சிக்கோப் பக்கத்துப் பூச்சியான இந்த வெண்மூட்டுப்பூச்சி இலங்கைக்கு 2008ல வந்தது. அதுக்கு எதிரா 2009ல விட்டது கொசுவை விடச் சின்னக் குளவி, ஆளைக் கொட்டாது. நீங்க அடிச்ச நாசினி அதையும் கொன்றிருக்கும்.

களுதாவளைத் தோட்டம்:
நன்றி. 2 மரத்தில் இலை மஞ்சளும் பச்சையுமாச் சுருண்டு, காயில் வளையம் வளையமா இருக்கு. அதுவும் இதாலயா?

அக்கரைப்பற்றுப் பச்சை:
இல்ல, அது அசுவினி (சாறு உறிஞ்சுற சின்னப் பூச்சி) பரப்புற வளையப்புள்ளி வைரஸ். அசுவினி ஒரு குத்துல நோயைக் குடுத்திட்டுப் போயிடும், மருந்தடிச்சுப் பலனில்ல. அந்த 2ஐயும் இண்டைக்கே பிடுங்கி எரிங்க.