ஒத்திகைக்கு உடையும் செட்டும் எப்போது வரவேண்டும்?

திரைச்சீலை:
எங்கள் நாடகத்தில் 28 வயது நடிகர், ஓய்வுபெற்ற 70 வயது தலைமையாசிரியராக வருகிறார். வசனம் சுத்தம். ஆனால் நடப்பது, உட்காருவது எல்லாம் இளவட்டம்தான். கூன் போட்டால் மிமிக்ரி மாதிரி இருக்கிறது. இன்னும் 3 வாரம் இருக்கு. உடையும் செட்டும் கைகொடுக்குமா?

உடைப்பெட்டி:
முதலில் கூனை விடச் சொல்லுங்கள். இன்றைக்கே எட்டு முழ வேட்டியும் ஒரு சைஸ் பெரிய தோல் செருப்பும் கொடுங்கள். செருப்பு கழன்றுவிடாமல் விரலால் கவ்வியே நடக்கணும்; கால் தூக்காது, காலடி தானாகக் குறுகும். வேட்டியை மடித்துக்கட்ட மட்டும் விடாதீர்கள், இருபது வயசு குறைந்துவிடும்.

புது வேட்டி ஆகாது. அந்த வெள்ளை நிறம் மேடை விளக்கில் பளீரென்று அடித்து முகத்தைத் தின்றுவிடும். நாலைந்து முறை துவைத்துக் கஞ்சியை எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 4 டீஸ்பூன் தேயிலைத்தூள் கொதிக்கவைத்து, வடிகட்டி, கால் மணி நேரம் ஊறப்போடுங்கள். துணி மூழ்கும் அளவு வேணும். நனைத்துப் பிழிந்துவிட்டுப் போடணும், காய்ந்த துணி என்றால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பாலியெஸ்டரில் ஏறவே ஏறாது. சட்டைக் காலர் மடிப்பில் உப்புத்தாள் தேய்த்தால் போதும்.

மேடைத்தச்சன்:
சாதாரண நாற்காலியை எடுத்துவிட்டுத் துணி போட்ட சாய்வு நாற்காலி வையுங்கள். அதிலிருந்து எந்த வயசுக்காரரும் துள்ளி எழ முடியாது: முன்னால் நகரணும், இரண்டு கையும் ஊன்றணும், அப்புறம்தான் எழுந்திருக்கணும். அந்த இடைவெளியில் வசனம் வேண்டாம். முழுக்கச் சாய்ந்தால் முன்வரிசைக்கு மோவாய்தான் தெரியும், குரலும் கூரைக்குப் போகும். நாற்காலிச் சட்டத்தை ஒரு பல் (பின்னால் இருக்கும் வெட்டு) நிமிர்த்துங்கள்.

வாசலை டேப்பில் மட்டும் குறிக்காதீர்கள். 5 செ.மீ. உயரக் கட்டை ஒன்றை நிலைப்படியாக இப்போதே போடுங்கள். இல்லையென்றால் நாடகத்தன்று தடுக்கும்.

கட்டியக்காரன்:
தெருக்கூத்தில் கட்டை வேஷக்காரரைப் பாருங்கள். மரத்தில் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் (தோள் அணி) கட்டியபிறகு கழுத்து தனியாகத் திரும்பாது, உடம்போடுதான் திரும்பும். ராஜ மிடுக்கில் பாதி அந்தக் கட்டைதான்.

ஆனால் எல்லாவற்றையும் இன்றைக்கே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேட்டியைப் பிடிப்பதா, வசனத்தைப் பிடிப்பதா என்று திணறுவார். செருப்பு முதலில், இரண்டு நாள் கழித்து வேட்டி.

திரைச்சீலை:
பெரிய செருப்பு பலகைமேடையில் சத்தம் போடுமே?

உடைப்பெட்டி:
குதிகால் அடியில் மட்டும் மெல்லிய ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். முன்பாதியை விட்டுவிடுங்கள். அவர் உள்ளேயிருந்து வரும் முன்பே அந்த இழுவைச் சத்தம் கேட்கட்டும்.