கன்னங்கரேல் முடியைக் கெடுக்காமல் தேன் நிறத்துக்குக் கொண்டுவர முடியுமா?

கருங்கல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முடி கன்னங்கரேல் என்று இருக்கும், இடுப்பு வரை நீளம், அடர்த்தியும் அதிகம். தை மாதம் சித்தி மகளுக்குக் கல்யாணம், அதற்குள் கீழ்ப்பாதியை மட்டும் தேன் நிறமாக்கலாம் என்று ஓர் ஆசை. முழுத் தலையும் மஞ்சளாக வேண்டும் என்றெல்லாம் இல்லை, வெளிச்சத்தில் நின்றால் தெரிந்தால் போதும்.

கூடப் படித்த ஒருத்தி 40 வால்யூம் பெராக்சைடு வாங்கி ஒரே தடவையில் முடித்துவிடு என்கிறாள். இன்னொருத்தி எலுமிச்சைச் சாறு தேய்த்து மொட்டை மாடியில் உட்காரச் சொல்கிறாள். கடையில் கேட்டால் ப்ரவுன் கலர் பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறார்கள், அதை முன்பே போட்டுப் பார்த்தாயிற்று, ஒரு மாற்றமும் தெரியவில்லை. இது அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வளர்த்த முடி, அதனால் இந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டை. அவ்வப்போது மருதாணி அரைத்து வைப்பது உண்டு, காலேஜில் இருந்தபோது கருப்பு ஹென்னா பாக்கெட்டும் போட்டிருக்கிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாளியில் செங்கறை பிடிக்கும், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? உடையாமல் கொட்டாமல் செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள். “கருப்புதான் அழகு” என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அது வீட்டிலேயே தினமும் கிடைக்கிறது.

மார்த்தாண்டம் பார்லர் அக்கா:

மக்களே, முதலில் அந்தப் பாக்கெட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது நிறத்தை ஏற்றுமே தவிர, உள்ளே இருக்கிற கருப்பைப் பெரிதாக எடுக்காது. கருப்புப் பலகையில் ப்ரவுன் சாக்பீஸால் எழுதின கதைதான். ஏற்கெனவே டை போட்ட முடி என்றால் சுத்தமாக அசையாது. பார்லரில் நாங்கள் முடி நிறத்துக்கு 1 முதல் 10 வரை எண் வைத்திருக்கிறோம், 1 அட்டக்கருப்பு, 10 வெளிறிய மஞ்சள். நம் ஊர்த் தலைகள் பெரும்பாலும் 1 அல்லது 2. நீ கேட்கிற தேன் நிறம் 6, 7 பக்கம் வரும். அவ்வளவு தூரம் ஏற ப்ளீச் இல்லாமல் நடக்காது, “ப்ளீச்சே இல்லாமல் செய்து தருகிறோம்” என்று யாராவது சொன்னால் டப்பாவை வாங்கிப் படித்துப் பார்.

ஏறும்போது முடி கருஞ்சிவப்பாகும், அப்புறம் செம்பு, அப்புறம் நல்ல ஆரஞ்சு, அதற்கும் பிறகுதான் மஞ்சள். நிறைய பிள்ளைகள் ஆரஞ்சைப் பார்த்ததும் பதறிப்போய், கழுவின கையோடு மறுபடி ப்ளீச் கலக்குகிறார்கள். முடி போவது அங்கேதான். ஆரஞ்சு வந்துவிட்டால் நீலம் கலந்த டோனர் (ப்ளீச்சுக்குப் பிறகு நிறத்தைச் சரிசெய்யப் போடுகிற லேசான கலர்) போட்டு அடக்க வேண்டும், ப்ரவுனாகத் திரும்பிவிடும். மஞ்சளாக இருந்தால் ஊதா. என்னைக் கேட்டால் 5, 6-இல் நிறுத்தி, செம்பு ஓடுகிற ப்ரவுனாக வைத்துக்கொள்வதே நம் தோல் நிறத்துக்கு எடுப்பு, பட்டுச்சேலைக்கும் அதுதான் சேரும். 8-க்கு மேல் கேட்டு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் வாதாடிப் பார்ப்பேன்.

எனக்கு இப்போது கவலை உன் நுனி முடிதான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும், அப்படியென்றால் இடுப்பில் தொங்குகிற நுனிக்கு ஐந்தாறு வயது. காலேஜில் போட்ட கருப்பு ஹென்னா இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, நீ நிறம் மாற்ற நினைப்பதும் அதே இடத்தில். “கருப்பு ஹென்னா” என்று விற்கிற பாக்கெட்டில் மருதாணி மட்டும் இருக்காது. டை கலந்திருக்கும், சிலதில் அவுரி என்கிற நீலச்சாயச் செடியின் பொடி இருக்கும், சிலதில் உலோக உப்பு. அவுரி ஏறின முடி ப்ளீச் பட்டால் பச்சையடிக்கலாம். உலோக உப்பு இருந்தால் ப்ளீச் பட்ட இடம் கொதித்துப் புகையே வரலாம், முடி கையோடு வரலாம். வீட்டில் அரைத்த மருதாணி அவ்வளவு மோசமில்லை, ஆனால் அந்தச் சிவப்பு லேசில் போகாது.

அதனால் இதற்குப் பதில் சொல்: கருப்பு ஹென்னா கடைசியாகப் போட்டது எப்போது, அதற்குப் பிறகு எவ்வளவு வெட்டினாய், ஸ்மூத்தனிங் அல்லது ஸ்ட்ரெய்ட்டனிங் செய்திருக்கிறாயா? கெமிக்கல் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடியில் நான் ப்ளீச் வைக்க மாட்டேன், எவ்வளவு காசு கொடுத்தாலும்.

கோட்டாறு கெமிஸ்ட்ரி வாத்தியார்:

அந்த 40 வால்யூம் தோழியின் பேச்சைக் கேட்காதீர்கள். வால்யூம் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடின் வலிமை. ஒரு லிட்டர் கரைசல் முழுக்கச் சிதைந்தால் எத்தனை லிட்டர் ஆக்சிஜன் வரும் என்ற கணக்கு. 10 வால்யூம் 3%, 20 என்றால் 6%, 30 என்றால் 9%, 40 என்றால் 12%. ப்ளீச் பொடியில் பெர்சல்பேட் உப்புகளும் காரப்பொருளும் இருக்கின்றன. காரம் முடியின் வெளிச்செதில்களை விரித்துவிடும், பெராக்சைடும் பெர்சல்பேட்டும் உள்ளே போய் மெலனினை உடைக்கும். கருப்பு மெலனின் சீக்கிரம் உடைந்துவிடும், சிவப்பு மஞ்சள் சார்ந்தது பிடிவாதமாக நிற்கும், அக்கா சொன்ன ஆரஞ்சு அப்படித்தான் வருகிறது. தொல்லை என்னவென்றால் இந்த ஆக்சிஜனேற்றம் மெலனினோடு நிற்பதில்லை, முடிக்கு உறுதி கொடுக்கிற கந்தகப் பிணைப்புகளையும் சேர்த்தே அறுக்கிறது. அறுந்ததைத் திரும்ப முழுசாக ஒட்டவைக்க எந்த கண்டிஷனராலும் முடியாது. 40 போட்டால் இரண்டுமே வேகமாக நடக்கும், எங்கே நிறுத்துவது என்று பார்க்கவே நேரம் இருக்காது. 20 வால்யூம் மெதுவாக ஏறும், கழுவ வேண்டிய நேரம் உங்கள் கையில் இருக்கும்.

கிணற்றுத் தண்ணீர் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, யாரும் இதை யோசிப்பதில்லை. செங்கறை இரும்பின் அடையாளம். முடியில் படிந்த இரும்பும் செம்பும் பெராக்சைடு சிதைவதை முடுக்கிவிடும், சூடும் சேதமும் கூடும், நிறமும் திட்டுத்திட்டாக வரும். ப்ளீச்சுக்குச் சில நாள் முன்பு, உலோகப் படிவை எடுக்கிற ஷாம்பு போட்டு அலசுங்கள், லேபிளில் இ.டி.டி.ஏ. (EDTA, உலோகத்தைப் பிடித்துக்கொள்கிற பொருள்) என்று இருக்கிறதா பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரைச் சுத்தமாகப் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது கிடையாது.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள், சண்டை கொஞ்சம் குறையலாம். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தேய்த்துப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், ப்ளீச் போட்ட முடியிலும்கூட. அதன் லாரிக் அமிலம் முடிக்குள் இறங்குகிறது. ஆகவே கலர் போட்டாலும் எண்ணெய் தேய்க்கிற வேலை அம்மாவுக்குப் போகாது.

முட்டம் பையன்:

எலுமிச்சை வேண்டவே வேண்டாம் அக்கா. சாறு நெற்றியிலும் கழுத்திலும் வழிந்து, அதோடு வெயில் பட்டால் தோல் வெந்து கொப்புளம் வரும், ஆறின பிறகும் கருப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். வெயிலில் முடி வெளுக்கும் என்பது உண்மைதான், எங்கள் ஊரில் வள்ளத்தில் போகிறவர்கள் தலையைப் பார்த்தாலே தெரியும், பாதிப் பேருக்குச் செம்பட்டைதான். ஆனால் அது எத்தனையோ வருட வெயில், அந்த முடியைத் தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். கல்யாணத்துக்குள் அந்த நிறம் வர வேண்டுமென்றால் நீங்களும் கடலுக்குத்தான் வர வேண்டும்.

கருங்கல்காரி:

ஹாஹா, கடலுக்கு வேண்டாம் தம்பி.

அக்கா, ஸ்ட்ரெய்ட்டனிங் எதுவும் செய்ததில்லை. கருப்பு ஹென்னா போட்டு நாலு வருடம் ஆகியிருக்கும், பெயர் ஞாபகம் இல்லை, அதற்கப்புறம் நுனி மட்டும்தான் அவ்வப்போது வெட்டியிருக்கிறேன். இன்னொன்றும் கேட்கணும், மாமா மகள் கொஞ்சம் பார்லர் வேலை படித்தவள், வீட்டிலேயே செய்துவிடலாம் என்கிறாள். ப்ளீச்சிங் பவுடர் மட்டும் வாங்கி வை என்றாள். சரியா வருமா?

மார்த்தாண்டம் பார்லர் அக்கா:

ஐயோ மக்களே, அந்தப் பெயரைச் சொல்லிப் பலசரக்குக் கடையில் கேட்டுவிடாதே! அங்கே கொடுப்பது கிணற்றுக்கும் சாக்கடைக்கும் போடுகிற குளோரின் பொடி. அது தலையில் பட்டால் தோல் வெந்துபோகும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம், பெராக்சைடோடு கலப்பதும் ஆபத்து. பியூட்டி பார்லர் சாமான் விற்கிற கடையில் “ஹேர் ப்ளீச், ஹேர் லைட்னர்” என்று கேள், அதில் கலக்கிற பெராக்சைடு, அதாவது டெவலப்பரையும் அதே கம்பெனியாகச் சேர்த்து வாங்கு. முகத்துக்குப் போடுகிற ப்ளீச் கிரீமும் இதற்கு ஆகாது.

முழு முடியில் கை வைப்பதற்கு முன்னால், பின்கழுத்துப் பக்கம் உள்முடியில் பென்சில் தடிமனுக்கும் குறைவாக ஒரு கொத்தை, கருப்பு ஹென்னா பட்ட நுனியும் சேர்ந்து வருகிற மாதிரி வெட்டி எடு. வெளியே தெரியாது. அதை நூலால் கட்டி, கலந்த ப்ளீச்சைத் தடவி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இரு. சூடாகிறதா, நாற்றம் அடிக்கிறதா, பச்சை வருகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நுனி உள்ளவரை ப்ளீச் கிடையாது, வெட்டிவிட்டு வளர்ந்த பிறகு பார்க்கலாம். ஒன்றும் இல்லையென்றால் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் துடைத்து நிறத்தைப் பார், உனக்குப் பிடித்த செம்பு ப்ரவுன் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று குறித்துக்கொள். கழுவின பிறகு ஈரமாக இருக்கும்போதே இழுத்துப் பார். நல்ல முடி லேசாக நீண்டு திரும்பும். சவ்வாக இழுபட்டுக்கொண்டே போனாலோ டப்பென்று அறுந்தாலோ உன் முடி இதைத் தாங்காது என்று அர்த்தம். இந்தச் சின்னக் கொத்துக்குச் சோம்பல்பட்டு நேராகத் தலையில் போடுகிறவர்கள்தான் பிறகு எங்களிடம் அழுதுகொண்டு வருகிறார்கள்.

அது சரியாக வந்தால் முழுசாகப் பூசாமல் ஹைலைட்ஸ் மாதிரி எடுத்துச் செய்யச் சொல். மெல்லிய கொத்துகளாகப் பிரித்து, காதுக்குக் கீழிருந்து நுனி வரை, இடையிடையே கருப்பு முடியை விட்டுவிட்டு. தலைத்தோலில் மருந்து படவே படாது, வேர் வளர்ந்து வந்தாலும் கோடு கிழித்த மாதிரி தெரியாது, முடியில் பாதிக்கு மேல் தொடாமலே இருக்கும். உன்னை மாதிரி அடர்த்தியான முடிக்கு இரண்டு பேர் வேண்டும், முன்பக்கம் முடிக்கும்போது பின்பக்கம் நேரம் தாண்டிவிடக் கூடாது. கிண்ணமும் பிரஷ்ஷும் பிளாஸ்டிக், கையில் க்ளவுஸ், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஹேர் ட்ரையர் சூடு காட்டி அவசரப்படுத்தாதே. மருந்து காய்ந்துபோனால் வேலை செய்யாது, மேலே மேலே அப்பாதே. பாக்கெட்டில் போட்டிருக்கிற அதிகபட்ச நிமிடத்தைத் தாண்டக் கூடாது, நிறம் வந்தாலும் வராவிட்டாலும் கழுவு. போதாது என்றால் சில வாரம் விட்டு இரண்டாவது தடவை.

எண்ணெய் முந்தின இரவு நுனியில் தேய்த்துக்கொள், சொட்டச் சொட்ட வேண்டாம்.

நர்ஸ் குலசேகரம்:

யாரும் அலர்ஜி பற்றிச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ப்ளீச்சில் பெர்சல்பேட், கருப்பு டையில் பி.பி.டி. (PPD) என்கிற சாயப்பொருள், இரண்டுமே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முன்பு கருப்பு மருதாணிக் கோன் போட்டுக் கை தடித்திருந்தால் டை கலந்த எதையும் தொடாதீர்கள். டோனரும் கலர்தான், அதையும் முழங்கை உட்புறத்திலோ காதுக்குப் பின்னாலோ பாக்கெட்டில் சொன்னபடி தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். முந்தின தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்ப முடியாது, திடீரென்று ஒரு நாள் ஆரம்பிக்கும். ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு அந்தப் பொடி பறந்தாலே இழுக்கும், உங்கள் மாமா மகளிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் புண், சொறிந்த காயம் இருந்தால் ஆறட்டும். லேசான அரிப்பைத் தாண்டி எரிச்சல் வந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், “அழகுக்குக் கொஞ்சம் பொறுத்துக்கோ” என்கிற பேச்சுக்கு இங்கே இடமில்லை. கண்ணிமை வீங்கினால் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும், உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நேராக ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிற கேஷுவாலிட்டி.

கருங்கல்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இந்த ஞாயிறு அந்தக் கொத்து டெஸ்ட் செய்கிறோம், நர்ஸ் சொன்ன, தோலில் தடவிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட்டும் அதோடு. வாத்தியார் சொன்ன ஆய்வை அம்மாவிடம் சொன்னேன், “இதைச் சொல்ல ஆய்வு வேணுமாக்கும்” என்கிறாள். சரி வந்தால் எப்போது செய்வது நல்லது, கல்யாணத்துக்கு முந்தின வாரமா?

மார்த்தாண்டம் பார்லர் அக்கா:

முந்தின வாரம் வேண்டாம். கார்த்திகைக்குள் முதல் தடவையை முடி, பிடிக்காவிட்டாலும் சரிசெய்ய நேரம் இருக்கும். டோனர் மட்டும் கல்யாணத்துக்கு ஐந்தாறு நாள் முன்னால், ஏனென்றால் தலை குளிக்கக் குளிக்க அது போய்க்கொண்டே இருக்கும். நடுவில் சல்பேட் இல்லாத ஷாம்பு, வாரம் ஒரு தடவை ஹேர் மாஸ்க், ஈரத் தலையில் சிக்கெடுக்காதே. அன்றைக்குத் தலை அலங்காரம் செய்ய வருகிறவர்களிடம் இது ப்ளீச் போட்ட முடி என்று முதலிலேயே சொல்லிவிடு, அயர்ன் சூட்டைக் குறைத்து வைப்பார்கள். டெஸ்ட் முடிந்ததும் அந்தக் கொத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடு, டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் நிறம் எனக்குச் சரியாகத் தெரியாது.