வீட்டு இணையம் மெதுவாகப் போனபோது: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கரிசல்காட்டான், கோவில்பட்டி

பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்த மறுநாளே ஆரம்பித்தது. நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேக இணையத் திட்டம். பகலில் ஊர்ந்து போகும், சாயங்காலம் நின்றே போகும். மோடத்தை அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் ஓடும். மகளுக்கு நுழைவுத்தேர்வு வகுப்பு முழுக்க இணையத்தில்தான். நான்கு நாள் அந்த லைன்மேன் தம்பியைத் தொலைபேசியில் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

ஐந்தாம் நாள் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மோடத்தின் பின்னாலிருந்த பச்சைத் தலையைக் கழற்றிக் கையிலிருந்த சின்ன மீட்டரில் செருகினார். வயரில் வரும் வெளிச்சத்தின் அளவு மைனஸ் 29 என்று காட்டியது. "மைனஸ் 27க்குக் கீழே இறங்கினால் மோடம் தடுமாறும் சார்" என்றார். வயரைக் கண்ணாலேயே சுவரோரமாகத் தொடர்ந்து போய்ப் பீரோவின் முன்னால் நின்றார். நானும் மைத்துனனும் பீரோவை ஒரு சாண் நகர்த்தினோம். மீட்டர் அவர் கையிலேயே இருந்தது. 29, 26, 22. மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெள்ளையடித்த பிறகு பீரோவைத் திரும்பச் சுவரோடு தள்ளியவன் நான்தான். அதன் பின்னால் ஃபைபர் மூலையில் மடங்கிக் கிடந்திருக்கிறது. அறுந்தால்தான் கெடும் என்று நினைத்திருந்தேன். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினாலே போதும், வெளிச்சம் அந்த மடிப்பிலேயே கசிந்து போய்விடும்.

ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார். இரண்டு வருடமாகிறது, அந்த முகம் மறக்கவில்லை. உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

அண்ணாநகர் வாசி, சென்னை

எங்கள் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு. 2020, எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த சமயம். இரவு எட்டரைக்கு எனக்குக் கூட்டம். தினமும் அந்த நேரத்தில்தான் குரல் உடைந்து உடைந்து வரும். ஒரு நாள் எதிர்முனை சுத்தமாக அடங்கிவிட்டது. அந்த அமைதியில் சமையலறையிலிருந்து அடுப்பின் மணி கேட்டது. மணி அடித்த மறுநொடி குரல் திரும்பி வந்தது. அடுப்பும் எங்கள் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கத்தில் இயங்குபவை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

"நான் கூட்டத்தில் இருக்கும்போது அதைப் போடாதேம்மா" என்று சொல்லிவிட்டு நான் மறந்துவிட்டேன். அம்மா மறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் எடுக்கப் போகிறேன், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரசம் சாதத்தை அப்படியே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் சர்க்கரை மாத்திரை போடும் நேரம் எட்டரை. கை நடுக்கத்தால் கேஸ் அடுப்பைப் பற்றவைக்க அவளுக்குப் பயம். தட்டைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அன்றிரவே மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். இரண்டு நிமிட வேலை.

பழைய லைன்மேன், திருநெல்வேலி

அண்ணாநகர் சகோதரி சொன்னது அவர் வீட்டுக்குச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் மைக்ரோவேவ் மேல் பழி போடக் கிளம்பிவிடக் கூடாது. அடுப்பு ஓடுகிற இரண்டு மூன்று நிமிடம்தான் அதன் தொல்லை. நாள் முழுக்க மெதுவாக இருந்தால் அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நேரம் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வேல்ஸில் அபர்ஹோசன் என்றொரு கிராமம். ஒன்றரை ஆண்டாகக் காலை ஏழு மணி ஆனால் ஊர் முழுக்க இணையம் படுத்துவிடும். கேபிளையே மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. ஒரு வீட்டில் பழைய தொலைக்காட்சியை ஏழு மணிக்குப் போடுவார்கள், அது கிளப்பிய மின் இரைச்சல்தான் காரணம் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். பொறியாளர்கள் காலையில் மழையில் கருவியோடு ஊரைச் சுற்றி நடந்து பிடித்த கோளாறு அது. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் அகப்பட்டிருக்காது.

என் சம்பவம் செம்புக் கம்பிக் காலத்தது. அப்போது நொடிக்கு 256 கிலோபிட் (கேபிபிஎஸ்) கிடைத்தாலே பிராட்பேண்ட் என்று மத்திய அரசின் 2004 கொள்கை சொன்னது. 2013இல் 512 ஆக்கினார்கள், 2023இல்தான் 2 எம்பிபிஎஸ். பாளையங்கோட்டையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது என்று மூன்று முறை புகார் கொடுத்தார். கம்பத்திலிருந்தே சோதித்து, லைன் நன்றாக இருக்கிறது, சரிசெய்யப்பட்டது என்று மூன்று முறையும் எழுதி மூடியவன் நான். நான்காம் முறை வீட்டுக்குள் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போது பூஜை அறையில் தொலைபேசி மணி அடித்தது. என் கண்ணெதிரே மோடத்தின் விளக்கு அணைந்தது. பேச்சையும் இணையத்தையும் பிரித்துவிடும் ஸ்பிளிட்டரை அந்த இரண்டாவது தொலைபேசிக்குப் போடவே இல்லை. சின்ன டப்பா, சட்டைப்பையிலேயே இருந்தது, மாட்டிவிட்டேன். ஆசிரியர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இணையம் அறுந்த ஒவ்வொரு முறையும் நாள், மணி, நிமிடம் எழுதி வைத்திருந்தார், அழகான கையெழுத்தில், பதினொரு பக்கம். நான் ஒரு முறை உள்ளே போய் அதைக் கேட்டிருந்தால் போதும்.

நாஞ்சில் மழை, நாகர்கோவில்

எங்களுக்கு அடாப்டர். மோடம் தானாக அணைந்து தானாக எழும். மூன்று மாதத்தில் இரண்டு மோடம் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு முறையும் பழைய 12 வோல்ட் அடாப்டரையே திரும்பச் செருகிவிட்டுப் போனார்கள். மின்சாரம் போய் வந்த ஒரு ராத்திரி இருட்டில் தடவும்போது அடாப்டர் கையில் சுட்டது. புதிது வாங்கி மாட்டினேன், தீர்ந்தது.

தூரத்து மகன், சிங்கப்பூர்

இதை யாரிடமும் சொன்னதில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார். தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தபிறகு நான்கு கேமரா வைத்தேன், இங்கிருந்தே பார்க்கலாம் என்று. அதற்குப் பிறகு காணொளியில் பேசினால் அம்மாவின் முகம் உறைந்து உறைந்து நிற்கும். வேகம் போதவில்லை என்று இரண்டு முறை திட்டத்தை உயர்த்தினேன். பயனில்லை.

உள்ளூர் கேபிள் இணைப்பு அது. இறங்கும் வேகம் (டவுன்லோட்) 30 எம்பிபிஎஸ், ஏறும் வேகம் (அப்லோட்) 5. உயர்த்தியபோதெல்லாம் இறங்குவதுதான் கூடியது. நான்கு கேமராவும் இரவும் பகலும் படத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருந்தால் அந்த 5 அதிலேயே தீர்ந்துவிடுகிறது. அம்மாவின் முகம் மேலே ஏற இடமில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கேமராவாக அணைத்தேன். வாசல், கொல்லை, மாட்டுக்கொட்டகை. நான்காவது முற்றத்துக் கேமரா. அதையும் அணைத்தபிறகு முகம் தெளிந்தது. "இப்போதுதான்பா உன் குரல் நன்றாகக் கேட்கிறது" என்றார். அழைப்பு முடிந்தபிறகு வெகுநேரம் கேமராவைத் திரும்பப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். தெளிவாகப் பேசுவதா, காவலுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று மனம் அல்லாடுகிறது.

உறையூரான், திருச்சி

என் கதை சிறியது. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு ஆறு மாதம் பணம் கட்டினேன், வேகச் சோதனையில் 94க்கு மேல் ஏறியதில்லை. மோடத்திலிருந்து கணினிக்கு வந்த கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பியில் பழுப்புக் கம்பி ஒன்று மட்டும் பித்தளைப் பல்லைத் தொடாமல் பின்னால் நின்றது. ஆயிரம் எம்பிபிஎஸ் போக நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், நூறுக்கு இரண்டு ஜோடி போதும். ஒன்று விட்டுப்போனால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். ஆறு மாதமும் அந்தக் கேபிள் என் கண்ணெதிரில்தான் கிடந்தது.

கரிசல்காட்டான் அண்ணே, பீரோவுக்காக நீங்கள் உங்களையே நொந்துகொள்வதை நான் ஏற்க மாட்டேன். ஃபைபரைத் தரையோரமாகக் குழாய் போடாமல் விட்டது யார்? ஆள் புழங்குகிற வீட்டில் பீரோ நகரத்தான் செய்யும். பொருத்துகிறவர்கள் அதை எண்ணித்தான் பொருத்த வேண்டும்.

இனி இணையம் மெதுவானால் எல்லோரும் இப்படிச் செய்யுங்கள். கேபிளை மோடத்திலிருந்து நேரே கணினியில் செருகிச் சோதியுங்கள். அதில் வேகம் வந்தால் கோளாறு வைஃபையில், வராவிட்டால் வெளியிலிருந்து வரும் லைனில் அல்லது அந்தக் கேபிளிலேயே. இந்த ஒன்றைச் செய்யாமல் யாரையும் கூப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். வேகச் சோதனை காட்டுவது பிட் கணக்கு, கோப்பு இறங்குவதைக் கணினி காட்டுவது பெரும்பாலும் பைட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ரவுட்டரைத் தொலைக்காட்சி அலமாரிக்குள் அடைக்காதீர்கள், மீன்தொட்டிப் பக்கம் வைக்காதீர்கள், தண்ணீர் அலையைக் குடித்துவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் 2.4இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள், இவைதாம் ஒன்றோடொன்று மோதாதவை. இரண்டாம் அறைக்கென்று மலிவான வைஃபை நீட்டிப்பான் வாங்கினால் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோவில் நடக்கும், வேகம் பாதியாகும். கேபிள் இழுத்துவிடுவது மேல். முக்கியமாக, மோடத்தின் பின்னால் இருக்கும் ஊசித்துளை ரீசெட்டைக் குத்தாதீர்கள். நிறுவனம் போட்டு வைத்த அமைப்பெல்லாம் அழிந்துபோய் ஒன்றுமே வராது. என் அத்தை மகன் அப்படிக் குத்திவிட்டு மூன்று நாள் தவித்தான்.

சிங்கப்பூர் தம்பிக்கு: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. கேமராவிலேயே நினைவட்டை போடும் இடம் இருக்கும், பதிவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மேலே அனுப்புவதை மட்டும் குறையுங்கள். பட அளவைக் கீழே கொண்டுவந்து, நொடிக்கு ஐந்து படம் போதும் என்று வையுங்கள்.

அண்ணாநகர் வாசி

லைன்மேன் ஐயா, நான் யாரையும் மைக்ரோவேவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நேரத்தைக் கவனிக்கச் சொல்கிறீர்கள், நானும் மணிச் சத்தத்தை வைத்துத்தானே பிடித்தேன். அந்த ஆசிரியரின் நோட்டுப் புத்தகத்தை இனி மறக்க மாட்டேன்.

கரிசல்காட்டான்

உறையூரான் தம்பி, குழாய் போடாதது அவர்கள் தவறாகவே இருக்கட்டும். நான் ஏசியது அந்தப் பையனைத்தானே. அவர் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர், இப்போது இந்தப் பக்கம் வேறு ஆள் வருகிறார். அவரிடம் கேட்டேன், எங்கே போனார் என்று அவருக்கும் தெரியவில்லை.

தூரத்து மகன்

உறையூரான் அண்ணன் சொன்னபடி பக்கத்து வீட்டுத் தம்பியை வைத்து நான்கிலும் நினைவட்டை போட்டாகிவிட்டது. மூன்று கேமராவில் மேலே அனுப்புவதை நிறுத்திவிட்டேன், முற்றத்தில் மட்டும் நொடிக்கு ஐந்து படம். இன்று காலை அம்மா கோலம் போட்டார். கை இங்கிருந்து அங்கே தாவித் தாவிப் போகிறது, இடையில் கோடு தானாக வளர்ந்து நிற்கிறது. அழைத்தேன். மாவு படிந்த விரலோடு தொலைபேசியை எடுத்தார், முகம் தெளிவாக இருந்தது.