99 ஆட்டை யாரிடம் விட்டுவிட்டுப் போவாய்?

எங்கள் ஃபாதரின் பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். சேலம் மறைமாவட்டத்தில் குருப்பட்டம், பிறகு பங்குத்தந்தை, பள்ளித் தாளாளர், மறைக்கல்விப் பணிக்குழுச் செயலர், கடைசியில் முதன்மைக் குரு என்று பட்டியல் எப்படியும் மலரில் வந்துவிடும். அதில் வராததை இங்கே எழுதுவோம். அவர் பெயர் மட்டும் வேண்டாம், கூச்சப்படுவார். நானே ஆரம்பிக்கிறேன்.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன்னால் மந்திரப் பரீட்சை, அதாவது ஜெபங்களை ஒப்பிக்கும் பரீட்சை வைப்பார்கள். ஊரில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார் ஆறு மாதமாகச் சின்னக் குறிப்பிடம் என்ற கேள்வி-பதில் வேதப் புத்தகத்தை ராகம் போட்டு ஒப்பிக்க வைத்திருந்தார். ஃபாதர் என்னைப் பார்த்து, "சர்வேசுரன் உன்னை எதுக்குடா உண்டாக்கினார்?" என்றார். மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "இது புத்தகம் சொன்னது. நீ சொல்லு." எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "ஆடு மேய்க்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எந்தக் காட்டில் மேய்க்கிறாய் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரமே சைக்கிளில் வந்துவிட்டார். வேலமரத்தடியில் உட்கார்ந்து, காணாமல் போன ஆட்டின் உவமையைச் சொன்னார். "நூறில் ஒண்ணு தொலைஞ்சுபோச்சு. மிச்சம் 99-ஐ யார்கிட்ட விட்டுட்டுத் தேடப் போவே?" பக்கத்துக் காட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போவேன், இல்லாவிட்டால் ஆடு கொள்ளுக்காட்டில் இறங்கிவிடும் என்றேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அந்தப் பக்கத்துக் காட்டு அண்ணன் வந்தார். "அந்த அண்ணன் யாருன்னு பைபிள்ல எழுதலை. இந்த ஊர்ல அது நீங்கதான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று பூசை முடிந்ததும் கொள்ளுக்காட்டுக்காரர் என் காதைத் திருகியது தனிக்கதை.

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி):
நான் அவரிடம் 11 வருடம் மறைக்கல்வி ஆசிரியராக இருந்தேன். முன்பெல்லாம் ஆசிரியர் பயிற்சி என்றால் சேலத்துக்குப் போக வேண்டும், எங்களுக்கு 110 கிலோமீட்டர். ஓசூர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம். 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரி மறைமாவட்டம் அமைந்து, சலேசிய சபையின் ஜோசப் அந்தோணி இருதயராஜ் முதல் ஆயராக (பிஷப்பாக) வந்த பிறகுதான் தருமபுரியோடு அலைச்சல் நின்றது.

மாங்காய் சீசனில் ஞாயிறு வகுப்பில் நாலு பிள்ளைகள்கூடத் தேறாது. காய் பறிக்க, கூடை தூக்க, கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏற்ற என்று அப்பா அம்மாவோடு போய்விடுவார்கள். நான் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வட்டம் பிள்ளைக்கா, உனக்கா?" என்று கேட்டார். மறுவாரத்திலிருந்து மே, ஜூன் முழுக்க வகுப்பு சாயங்காலம் ஏழு மணிக்குத் தோப்பிலேயே நடந்தது. கீழே சாக்கு, மேலே பெட்ரோமாக்ஸ். கோவிலை விட்டுவிட்டுத் தோப்பில் என்ன ஞானோபதேசம் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "ஆண்டவர் படகுல உட்கார்ந்து பேசினார், நாம சாக்குல உட்கார்றோம்" என்று முடித்துவிட்டார்.

இன்னொன்று. தத்துவ போதகர் என்ற இயேசு சபைக் குரு ராபர்ட் தே நோபிலி 1623-ல் மதுரையிலிருந்து கிளம்பி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். "இத்தாலிக்காரர் தமிழ் படிச்சிட்டுத்தான் வாயைத் திறந்தார். நீங்க பிள்ளைங்க பேசுற தமிழைப் படிச்சிட்டு வகுப்புக்குப் போங்க" என்பார்.

அரூர்க்காரி:
எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு.

என் அப்பா உபதேசியார். இவர் வருவதற்கு முன், ஃபாதர் என்று யாராவது மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வந்துபோன காலத்தில் ஜெபம் சொல்ல, சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார, பிள்ளைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அப்பாதான். சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இவர் வந்தார். ஜெபச் சொற்கள் மாறி, சர்வேசுரன் கடவுளாகி, பூசை திருப்பலியாகி ரொம்ப நாளாகியும் அப்பா பழையதையே சொல்லித் தருகிறார் என்று வகுப்பை ஒரு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டார். காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதை அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பூசை முடிவில் அறிவிப்போடு அறிவிப்பாக வாசித்தார். அதற்குப் பிறகு அப்பா கோவிலில் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவார்.

அப்பா இறந்தபோது ஃபாதர் வேறு ஊரிலிருந்து வந்தார். பிரசங்கம் வைக்கவில்லை. அப்பா ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளை எழுதிவைத்த நோட்டைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். நடந்ததைச் சொன்னேன்.

கறைப்பல்:
நான் கிறிஸ்தவன் இல்லை. அவர் தாளாளராக இருந்தபோது அந்தப் பள்ளியில் படித்தேன். பென்னாகரம் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்களுக்குப் பல்லெல்லாம் பழுப்பு. யாரும் வாய் திறந்து சிரிக்க மாட்டோம், பாட்டு வகுப்பிலும் உதடு மட்டும் அசையும். ஒருநாள் அவர் உள்ளே வந்து கவனித்துவிட்டு, கரும்பலகையில் பாறை, போர்க்குழாய், பல் மூன்றையும் வரைந்தார். பாறையிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் கரைகிறது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வளர்கிற பல்லில் கறை விழும் என்றார். "இது நீ பல் விளக்காததால வந்ததில்லை. வாயைத் திறந்து பாடு."

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. என் மகளுக்குப் பல் வெள்ளை. நான் இன்னும் ஃபோட்டோவுக்கு வாயை மூடிக்கொள்கிறேன், பழக்கம். பாட்டு மட்டும் திறந்துதான் பாடுவேன்.

மாந்தோப்பு:
அரூர் அக்கா, அந்த அறிவிப்பு விஷயத்தை அவரே ஒருமுறை எங்கள் பயிற்சியில் சொன்னார். ஊர் பெயர் சொல்லவில்லை. "ஒரு பெரியவரை நான் மைக்ல நிறுத்தினேன், நீங்க யாரும் அப்படிச் செய்யாதீங்க" என்றார். உங்கள் அப்பா என்று இன்றுதான் தெரிகிறது.

அரூர்க்காரி:
அப்படியா. இது எனக்குத் தெரியாது.

சரி, இப்போது குருக்கள் ஓய்வு இல்லத்தில் இருக்கிறாராம். காது மந்தமாம், நாலு மணிக்கு மேல் பார்க்கலாமாம். இந்த ஞாயிறு போகிறேன். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, கொண்டுபோகிறேன். காரில் இரண்டு இடம் காலி. மொரப்பூர் வழியாகத்தான் வருவேன், யாராவது ஏறிக்கொள்கிறீர்களா?