பாட்டு, பரதம், நாடகம் படிக்க எந்த காலேஜ்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே வணக்கம். எங்க அக்கா பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, ஊரு கும்பகோணம் பக்கம். பாட்டு, பரதம், பேச்சுப்போட்டி எல்லாத்துலயும் முன்னாடி நிப்பா. தொடையில ஆதி தாளம் போட்டுக்கிட்டே வர்ணம்ங்கற கர்நாடக சங்கீதப் பாட்ட ரெண்டு காலத்துலயும், அதாவது ரெண்டு வேகத்துலயும் பாடுவா, ஒரு இடத்துல கூட வேகம் ஓடாது, மைக்க குடுத்தா பேப்பர் பாக்காம பேசுவா. மாமா என்னடான்னா பிகாம் சேத்துடலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு, எனக்கு மனசே ஆறல.

திருவையாறு அரசு இசைக் கல்லூரி எங்களுக்கு கிட்ட, வாய்ப்பாட்டும் பரதமும் அங்க இருக்கு. சென்னை கலாக்ஷேத்ரா 1936ல பரதக் கலைஞர் ருக்மிணி தேவி ஆரம்பிச்சது, அங்க பயிற்சி எப்படின்னு சொல்லவே வேணாம், ஆனா டிப்ளமான்னு சொல்றாங்க, அதான் யோசனை. நாடகத்துக்கு புதுச்சேரி பல்கலைக்கழகத்துல முதுகலைப் படிப்பு இருக்கு, அது டிகிரி முடிச்சப்புறம்தானே.

இதுல படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. டிப்ளமா முடிச்சா பின்னாடி எம்ஏ சேர முடியுதா, ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேலைக்கு அத ஏத்துக்கறாங்களா? திருவையாறுல பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல் வசதி எப்படி? சேர்க்கைக்கு பாடிக் காட்டச் சொல்லுவாங்களா, எது வரைக்கும் தெரிஞ்சிருக்கணும்? பாட்டு மெயினா எடுத்துக்கிட்டு பரதத்தையும் விடாம கத்துக்க முடியுமா, இதுதான் அவ திரும்பத் திரும்ப கேக்கறா. படிச்சு இப்போ வேலையில இருக்கறவங்க எழுதினா மாமாகிட்ட அப்படியே காட்டுவேன், பிகாமுக்கு பணம் கட்டறதுக்குள்ள சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.